மாரி மழையில் தள்ளு யன்னல்: தண்ணீர் எங்கே மாட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பது

மாரி பிறந்து முதல் வாடைக்காற்று அடித்த மறுநாள் காலையில் எனக்கு வரும் அழைப்புகள் அநேகமாக ஒரே கதைதான். "யன்னலுக்குள்ளால தண்ணி வந்து மெத்தையெல்லாம் நனைஞ்சிட்டு, சிலிக்கன் அடிக்க ஒருக்கா வாங்க." போய்ப் பார்த்தால் பல வீடுகளில் சிலிக்கன் ஏற்கெனவே அடித்திருக்கும். அதுவும் அடிக்கவே கூடாத இடத்தில்.

மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரையோடு இருக்கும் ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா என்னை யன்னலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், பிரேமின் அடியில் இருந்த இரண்டு சிறிய நீள்துளைகளைக் காட்டினார். "மனே, இந்த ஓட்டையாலதான் தண்ணி உள்ள போகுது. போன வருசம் ஒரு பொடியனக் கொண்டு அடைச்சன். இப்ப அதவிடக் கூட வருகுது" என்றார். அந்தத் துளைகள் தண்ணீர் உள்ளே போவதற்கு வைத்தவை அல்ல, வெளியே போவதற்கு வைத்தவை. அடைத்ததைச் சுரண்டி எடுத்ததும் ட்ராக்கில், அதாவது கதவு ஓடும் அடிப் பள்ளத்தில், தேங்கியிருந்த பழைய தண்ணீர் கறுப்பாக வழிந்தது. அந்த யன்னலுக்கு வேறு எந்த வேலையும் தேவைப்படவில்லை.

ஆகவே எந்த அறிகுறியைப் பார்க்கும் முன்பும் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். யு.பி.வி.சி. என்ற கடின பிளாஸ்டிக்கால் செய்த தள்ளு யன்னலின் அடி ட்ராக் நனையும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கதவு, அதாவது கண்ணாடியோடு தள்ளும் பகுதி, சில்லில் ஓட வேண்டுமானால் அதற்கும் பிரேமுக்கும் இடையே சிறிது இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை மயிர் வைத்த பிரஷ் பட்டை மறைக்குமே தவிர, இறுக்கி மூடாது. கண்ணாடியில் பட்டு வழியும் மழை அதனால் ட்ராக்குக்குள் வரும். வந்த தண்ணீர் ட்ராக்கின் தளத்தில் உள்ள துளையால் பிரேமின் உள்ளறைக்குள் இறங்கி, வெளிமுகத்தில் உள்ள இன்னொரு துளையால் வெளியே விழ வேண்டும். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் இருக்காது. காற்று நேரே ஊதி உள்ளே வராமல் இருப்பதற்காக அவற்றை விலக்கி வெட்டுவார்கள். இவற்றை இங்கே வடிதுளை என்று எழுதுகிறேன். கடையில் 'வீப் ஹோல்' என்று சொன்னால் புரியும்.

மழை விட்ட பிறகும் ட்ராக்கில் தண்ணீர் நிற்கிறது

மழை பெய்யும்போது ட்ராக்கில் தண்ணீர் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. மழை விட்டுச் சில நிமிடங்களில் வடிந்துவிட வேண்டும். மறுநாள் காலையிலும் நின்றால்தான் பிழை.

வெயில் நாளில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தேநீர்க் கோப்பை தண்ணீரை ட்ராக்குக்குள் மெதுவாக ஊற்றிவிட்டு, இன்னொருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லா வடிதுளையாலும் தண்ணீர் ஒழுகினால் சரி. ஒன்றால் மட்டும் வந்தால் மற்றது அடைபட்டிருக்கிறது. ஒன்றாலும் வராமல் ட்ராக்கில் நீர்மட்டம் மட்டும் குறைந்தால் அது வேறு கதை, கீழே சுவர் நனைவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறேன்.

எங்கள் பகுதியில் அடைப்புக்கு முதல் காரணம் மணல். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலம் முழுவதும் தூசியும் நுண்மணலும் ட்ராக்கில் படியும். முதல் மழை அதைக் கரைத்துத் துளையின் வாயில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு மேல், மழை தொடங்கும் நாட்களில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஈசல்கள் இறகை உதிர்த்துவிட்டுப் போகும். அந்த இறகுகள் ஈர மணலோடு சேர்ந்தால் தும்பு போல இறுகிவிடும். பல்லி முட்டை, குளவி கட்டிய மண்கூடு, கட்டட வேலையின்போது சிந்திய சாந்து என்று நான் எடுத்தவை பல.

சுத்தம் செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் கதவை மேலே தூக்கிக் கழற்றி வெளியே எடுங்கள். பெரிய கதவென்றால் இரண்டு பேர் வேண்டும், கண்ணாடியின் பாரம் குறைவல்ல. காய்ந்த மணலை முதலில் பழைய பல் துலக்கும் பிரஷால் கூட்டி அள்ளுங்கள். தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் மணல் இன்னும் உள்ளே போய் இறுகும். அதன் பிறகு தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, உள்துளையால் ஒரு முறையும் வெளித்துளையால் ஒரு முறையும் மெதுவாகக் கிளறுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். உள்ளறைச் சுவரைக் குத்தி ஓட்டையாக்கிவிட்டால் இல்லாத ஒழுக்கை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். கடைசியில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, வெளியே தெளிவாக வரும்வரை கழுவுங்கள். தின்னர், பெற்றோல் இரண்டையும் யு.பி.வி.சி.யில் தொடவே கூடாது, மேற்பரப்பு இளகிப் பழுதாகும். சில்லு இறுகியிருக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடுபவர்கள் உண்டு. எண்ணெயில் மணல் ஒட்டி மாவு போலாகிச் சில்லைத் தின்றுவிடும். சிலிக்கன் ஸ்பிரே போதும்.

இதைப் புரட்டாதி மாதத்தில் செய்துவிடுங்கள். எங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டிவிடுகிறது. கார்த்திகையில் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கும் வீட்டைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

துளை சுத்தமாக இருந்தும் வடியவில்லையா? பிரேம் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று மேசன் வைத்திருக்கும் நீர்மட்டக் கருவியை வைத்துப் பாருங்கள். அந்தக் கருவி இல்லையென்றால் ட்ராக்கில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பாருங்கள், அது ஓடிப்போய் நிற்கும் இடம்தான் பள்ளம். துளை மேட்டிலும் பள்ளம் வேறிடத்திலும் இருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. பள்ளமான இடத்தில் புதிய துளை வெட்ட வேண்டும், அல்லது பிரேமைக் கழற்றி மட்டம் பார்க்க வேண்டும். புதிதாக வெட்டும்போது சிறிய வட்டத் துளை போடாதீர்கள். தண்ணீர் தன் பரப்பிழுவிசையால் சின்னத் துளையின் வாயில் திரைபோல நின்றுவிடும். வட்டமென்றால் 8 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. 5 மில்லிமீற்றர் அகலம், 25 முதல் 30 மில்லிமீற்றர் நீளமுள்ள நீள்துளை அதைவிட நல்லது. பிரேமுக்குள் வலுவுக்காக இரும்பு வைத்திருக்கும் அறையைத் துளைத்துவிடாமல், அதற்கு முன்னால் உள்ள வெறும் அறையால் தண்ணீர் போகும்படி வெட்டத் தெரிந்தவரிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். வெளித்துளை இருக்கிறது, ஆனால் யன்னல் படிக்கு மாபிளோ தரை ஓடோ பதித்தவர் அதைப் பாதிக்கு மேல் மூடிவிட்டார். அல்லது மேசன் பிரேமின் முகத்தின்மேல் பூச்சை ஏற்றிவிட்டார். வெளியே நின்று துளையே தெரியவில்லை என்றால், யன்னலைக் குறை சொல்லும் முன் அந்த இடத்து ஓட்டின் விளிம்பைக் கிரைண்டரால் அளவாக வெட்டிப் பாருங்கள்.

காற்றோடு மழை பெய்தால் மட்டும் ட்ராக்கில் குமிழி போட்டுத் தெறிக்கிறது

கிழக்குக் கரையில் இந்த அறிகுறிதான் ஆட்களை அதிகம் குழப்புகிறது. சும்மா கொட்டும் மழையில் ஒரு துளி வராது. கடல் பக்கமிருந்து வாடை அடிக்கும் இரவில் ட்ராக் கொதிக்கும் சட்டி போலச் சத்தம் போடும், தண்ணீர் உள் விளிம்பைத் தாண்டித் தரையில் விழும்.

காற்று சுவரில் மோதும்போது வெளியே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் வெளித்துளையில் நின்று தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். ட்ராக்கில் தண்ணீர் உயர்ந்து, அதன் பாரம் காற்றின் அழுத்தத்தை வென்ற பிறகுதான் வடியத் தொடங்கும். எவ்வளவு உயர வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. மணிக்கு 54 கிலோமீற்றர் காற்று ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் தண்ணீரைத் தாங்கும். 72 கிலோமீற்றர் என்றால் 24 அல்லது 25 மில்லிமீற்றர். 90 கிலோமீற்றருக்கு 38 மில்லிமீற்றர் வரை போகும். காற்று இரட்டிப்பானால் உயரம் நான்கு மடங்காகும். இப்போது ஓர் அளவுகோலை எடுத்து, உங்கள் ட்ராக்கின் தளத்திலிருந்து அறைப்பக்க விளிம்பு வரை எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து பாருங்கள். 20 தான் இருக்கிறது என்றால், கடலைப் பார்த்த மேல்மாடிச் சுவருக்கு அந்த யன்னல் பொருத்தமே இல்லை. அதை எந்தச் சிலிக்கனாலும் மாற்ற முடியாது. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற புயலை மனதில் வைத்து நான் சொல்லவில்லை, அப்படியான காற்றில் எந்தத் தள்ளு யன்னலும் தண்ணீரை நிறுத்தாது. ஒவ்வொரு மாரியிலும் வரும் சாதாரணப் பலத்த காற்றைத்தான் சொல்கிறேன்.

விளிம்பு போதிய உயரமாக இருந்தும் குமிழி வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது பிரஷ் பட்டை. அது தேய்ந்து படுத்துவிட்டால் காற்று அறைக்குள் தடையின்றிப் புகும். புகும் காற்று வடிதுளையாலும் ஏறி வரும், அதுதான் குமிழி. கதவை மூடி, ஒரு தாளைக் கதவுக்கும் பிரேமுக்கும் இடையில் வைத்து இழுத்தால் சிறு பிடி தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் பட்டையை மாற்றுங்கள். பழைய பட்டையில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கடைக்குக் கொண்டு போங்கள். அடியின் அகலமும் மயிரின் உயரமும் சரியாக ஒத்து வர வேண்டும். உயரம் கூடினால் கதவு இறுகும், குறைந்தால் மாற்றியும் மாற்றாததும் ஒன்றுதான்.

இரண்டாவது, வெளித்துளைக்கு மேல் இருக்க வேண்டிய சிறிய பிளாஸ்டிக் மூடி. உள்ளே ஒரு மெல்லிய நாக்கு தொங்கும். தண்ணீர் தள்ளினால் திறக்கும், காற்று தள்ளினால் மூடும். வெயிலில் காய்ந்து உதிர்ந்துபோன வீடுகள் அதிகம். விலை சொற்பம், பலன் பெரிது.

மூன்றாவது யன்னலில் இல்லை, வீட்டில் இருக்கிறது. காற்று வரும் பக்க யன்னலை மூடிவிட்டு, காற்றோட்டத்துக்கென்று எதிர்ப்பக்க யன்னலைத் திறந்து வைத்திருப்போம். அந்தப் பக்கம் காற்று இழுக்கும், வீட்டுக்குள் அழுத்தம் குறையும், மூடிய யன்னலின் மேல் தள்ளல் இன்னும் கூடும். வாடை அடிக்கும் இரவில் இரண்டு பக்கமும் மூடிப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லாமல் ஒழுக்கு நின்ற வீடுகள் உண்டு.

நடுவில், இரண்டு கதவும் சந்திக்கும் இடத்துக்கு நேர் கீழே நனைகிறது

இரண்டு கதவுகளின் நடுச்சட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக்கொள்ளும். அந்தக் கொளுவலின் மேலும் கீழும் பிரேமோடு சேரும் மூலையில் ஒரு சிறு அடைப்புக் கட்டை இருக்க வேண்டும், அதிலும் பிரஷ் இருக்கும். பொருத்துபவர்கள் மறந்துவிடும் சாமான் இதுதான். கதவைக் கழற்றிக் கழுவியவர்கள் திருப்பிப் போட மறப்பதும் உண்டு. கைவிளக்கை வெளியே பிடித்து, உள்ளே நின்று நடுச்சட்டத்தின் அடியைப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் கட்டை இல்லை.

கதவைத் தள்ளும்போது உள்ளே களக் களக் என்று தண்ணீர்ச் சத்தம்

கதவுச் சட்டத்துக்கும் சொந்தமாக வடிதுளை உண்டு. கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர் பட்டையைக் கடந்து போகும் தண்ணீர், கதவின் அடிச்சட்டத்திலிருந்து ட்ராக்குக்கு இறங்குவதற்கான துளை அது. அடைபட்டால் கதவு ஒரு தண்ணீர்க் குழாயாகிவிடும். கதவைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, அடியில் உள்ள துளைகளைத் திறந்துவிடுங்கள். இறப்பர் பட்டை மூலைகளில் சுருங்கி இடைவெளி விட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். துளையால் துருநிறத் தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் இரும்பு நனைகிறது என்று பொருள். உப்புக் காற்றுள்ள ஊரில் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ட்ராக் காய்ந்திருக்கிறது, யன்னலுக்குக் கீழே சுவர் நனைகிறது

பூச்சு உப்பி, வெள்ளை உப்புப் பூத்து, பெயின்ட் செதிலாக உரிகிறது. இங்கேதான் பொறுமை வேண்டும், ஏனெனில் காரணம் மூன்று நான்காக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே சிலிக்கன் பூசிவிட்டால் எது காரணம் என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஈரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து மேலே ஏறி, யன்னலுக்கு எட்டாமலே நின்றால் அது நிலத்து ஈரம். வாவிக்கரை வீடுகளில் சகஜம், யன்னலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. யன்னலின் கீழ் மூலைகளிலிருந்து கண்ணீர்க் கோடு போல இறங்கினால்தான் யன்னல் வேலை.

முதலில் ட்ராக்கைச் சோதிப்போம். வெளித்துளைகளை நாடாவால் தற்காலிகமாக மூடிவிட்டு, ட்ராக்கில் 10 மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டுப் பென்சிலால் கோடு போடுங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் பிரேமுக்குள்ளால் சுவருக்குப் போகிறது. பெரும்பாலும் பிரேமை இறுக்க ட்ராக்கின் தளத்தின் ஊடாகவே அடித்த திருகாணிதான் வழி. அல்லது மூலையில் உருக்கி ஒட்டிய இடத்தில் மயிரிழை வெடிப்பு. திருகாணியின் தலையைச் சுற்றிச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு அடைக்கலாம். மூலை வெடிப்பையும் சிறிதாக இருந்தால் உள்ளிருந்து அடைக்கலாம். சிலிக்கனுக்கு இதுதான் இடம். வடிதுளை அல்ல. சோதனை முடிந்ததும் அந்த நாடாவை எடுக்க மறக்காதீர்கள்.

மட்டம் இறங்கவில்லையென்றால் பிரேமுக்கும் சுவருக்கும் இடையிலான பொருத்தில் சந்தேகம். தோட்டக் குழாயை எடுத்து, வெளியே, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுங்கள். முதலில் பிரேமின் அடிப்பொருத்துக்கு மட்டும் 10 நிமிடம். உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒன்றுமில்லையென்றால் இரு பக்கப் பொருத்துக்கு 10 நிமிடம். கடைசியில்தான் மேல்பொருத்து. மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது ஒழுகியது என்று சொல்ல முடியாது. மேலே விடும்போது மட்டும் நனைந்தால் யன்னலுக்கு மேலே நீட்டும் கொங்கிறீட் தட்டையும் பாருங்கள். அதன் அடி விளிம்பில் ஒரு சிறு வெட்டுப் பள்ளம் இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டும். இல்லையென்றால் தட்டின் அடியோடு ஊர்ந்து சுவருக்கு வரும்.

பொருத்து ஏன் பிளக்கிறது? பிளாஸ்டிக் வெயிலில் நீளும், சீமெந்து அவ்வளவு நீளாது. 2 மீற்றர் நீளமான யு.பி.வி.சி. பிரேம், அதன் வெப்பம் 30 பாகை மாறினால் சுமார் 4 மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். பிரேமை வெறும் சாந்தால் சுவரோடு கட்டிவிட்டால் முதல் வருட வெயிலிலேயே மயிரிழை விடும், அதனால் தண்ணீர் போகும். பழைய சாந்தையும் சிலிக்கனையும் முழுதாகச் சுரண்டி, காயவைத்து, இழுபடக்கூடிய பசையை நிரப்ப வேண்டும். வினாகிரி மணம் வரும் மலிவான சிலிக்கன் சீமெந்தில் சரியாகப் பிடிக்காது, மணம் இல்லாத நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள். பழையதன் மேல் புதியதைப் பூசுவது காசை மழையில் விடுவதுதான்.

கண்ணாடி வியர்க்கிறது

இது ஒழுக்கு இல்லை. எந்தப் பக்கம் வியர்க்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஏசி அறையில் வெளிப்பக்கம் வியர்த்தால், குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. வெளியே 28 பாகையும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 25 பாகைக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஏசியை 20இல் விடாமல் 25, 26இல் வைத்தால் அநேகமாக நின்றுவிடும். உள்பக்கம் வியர்த்தால் சமையல் ஆவியோ அறைக்குள் காயப்போட்ட ஈர உடுப்போதான் காரணம். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில், துடைக்க முடியாத இடத்தில் மூட்டம் என்றால் அதன் ஓரத்து அடைப்பு போய்விட்டது. அதைத் திறந்து திருத்த முடியாது, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும். பிரேமைக் கழற்றத் தேவையில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இவை எல்லாம் பார்த்தும் பிரேமையே கழற்ற வேண்டிய நிலை வந்தால், அதாவது உள்நோக்கிச் சரிந்தோ, வடிதுளை அறைப் பக்கம் பார்க்கும்படி மறுபுறம் திருப்பியோ பொருத்தியிருந்தால், மாரிக்குள் கையை வைக்காதீர்கள். நனைந்த சுவரில் எந்தப் பசையும் பிடிக்காது. மாசி, பங்குனியில் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு செய்யுங்கள். அதுவரைக்கும் வெளியே பக்கப் பொருத்துகளிலும் மேல்பொருத்திலும் நல்ல நாடா ஒட்டி வையுங்கள். அடியில் உள்ள வடிதுளைகளை மட்டும் திறந்தே விடுங்கள்.